வலது பக்கம்

முன்சிஃப் தண்ணீர் ஊற்ற, மய்யித்தை, இறந்த உடலைக் குளிப்பாட்ட வந்திருந்த தய்யிப் ஹாஜி இடுப்புத் துணிக்கு அடியில் கையை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பலகையில் கிடந்தது முன்சிஃபின் அண்ணன் பஷீர்.

"மெதுவா ஊத்துப்பா. அவன் எங்கயும் ஓடிடப் போறதில்ல."

துணி ஒரு கணம் நழுவியது. வலது தொடையிடுக்கில் பழைய குடலிறக்க ஆபரேஷனின் தழும்பு. அதைச் சுற்றி அடிவயிற்றுத் தோல் வலைக் கண்ணிகள் போலக் கருத்துக் கன்றியிருந்தது. சூடு வைத்து வைத்து வெந்த தோல்.

ஹாஜி சட்டென்று மூடினார். "குளிப்பாட்டுறவங்க பார்த்ததை வெளிய சொல்லக் கூடாது. தெரியுமில்ல?"

முன்சிஃப் தலையாட்டினான்.

ஆபரேஷன் முடிந்த மறுவருஷமே வலி திரும்பிவிட்டது. மஹ்தியா ஆஸ்பத்திரி டாக்டர்கள் தட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். குடல் பிதுங்காமலிருக்க உள்ளே வைத்துத் தைத்த வலை சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். பஷீர் மீன்பிடிப் படகுக்கு வருவதைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான்.

"எங்கண்ணன் வயித்துக்குள்ளயும் வலை இருக்காம். கடல் வலையை இழுக்கச் சொன்னா மட்டும் அது வலிக்குமாம்!" துறைமுகத்துத் தேநீர்க் கடையில் முன்சிஃப் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பஷீரும் சிரித்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை விடியலில் அவனாகவே படகில் வந்து ஏறினான். முன்சிஃபோடு சேர்ந்து வலை இழுத்தான். நடுவில் ஒருமுறை விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தான்.

"என்னண்ணே, கரையிலயே கிடந்து கடலை மறந்துட்டியா?"

"ஆமாடா," என்று வாயைத் துடைத்துக்கொண்டான் பஷீர். மறுபடி வலையைப் பிடித்தான். அன்று முன்சிஃபுக்கு மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் பஷீர் வீட்டு வாசலில் சுருண்டு விழுந்தான். வயிறு பலகையாய் இறுகியிருந்தது. பழைய தையலோடு குடல் ஒட்டி முறுக்கி அழுகிவிட்டது என்றார் டாக்டர். "நேத்தே வந்திருக்கணும். இந்த வலியை எப்படிப் பொறுத்துக்கிட்டு இருந்தார்?"

கபன் துணி சுற்றி முடித்து முன்சிஃப் முற்றத்துக்கு வந்தபோது அண்ணி ஸகியா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"முகம் எப்படிப்பா இருக்கு?"

"தூங்குற மாதிரி இருக்கு அண்ணி."

"ராத்திரியானா செங்கல்லைச் சுட வச்சுத் துணியில சுத்தி, வயித்துல வச்சுக்கக் குடுப்பேன். உன்கிட்ட சொல்லிடாதேம்பாரு. 'அவன் அதையும் கடையில போய்ச் சொல்லிச் சிரிப்பான்'னு."

உள்ளே பெண்களின் அழுகை உயர்ந்தது. முன்சிஃப் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்தான். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடலை ஒட்டிய கபுர்ஸ்தானில் காற்று பலமாக வீசியது. குழிக்குள் முன்சிஃப்தான் இறங்கினான். மேலே மய்யித்தைத் தாங்கி நின்றவர்களோடு ஹாஜியும் குனிந்தார்.

"வலது பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வை. முகம் மக்கா பக்கம், கிப்லாவைப் பார்க்கணும். ம், வாங்கிக்க."

நீட்டிய கைகளை முன்சிஃப் இறக்கிக்கொண்டான். வலி வந்த நாளிலிருந்து பஷீர் அந்தப் பக்கம் சாய்ந்து படுத்ததேயில்லை.

"என்னப்பா நிக்கிற?"

"கல்லு ஒண்ணு கிடக்கு ஹாஜி. கொஞ்சம் இருங்க."

கல் எதுவும் இல்லை. அவன் மண்டியிட்டு, இடுப்பு படியப்போகும் இடத்தில் ஈர மணலைப் பறித்துப் பள்ளமாக்கி, உள்ளங்கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினான்.