ஒருநாள் நரை

கறுத்த தலையை வெளுக்க வைக்கலாம் என்ற யோசனை சின்னவளுடையது. எந்தக் காரியத்திலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்கிற வழக்கம் பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கிடையாது. நின்றால் கால் துடிக்கும், உட்கார்ந்தால் கை துடிக்கும்.

அன்று விடிந்ததும் தண்ணீர் வாளியைத் தூக்கப்போய் அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கட்டிலுக்கு வந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வலியைவிட வேலை பயம்தான் அவளை அரித்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. காய்ச்சல் என்று ஏற்கெனவே லீவு போட்டாயிற்று. இன்னொரு நாள் மட்டம் போட்டால் மறுநாள் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள். போன மாதம்தான் ஒருத்தியை அப்படி அனுப்பியிருந்தார்.

பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிற சின்னவளுக்கு அன்று வார விடுமுறை. அக்காவுக்கும் அவளுக்கும் முகம் அச்சு அசல் ஒன்று; போனில் பேசினால் சொந்தக்காரர்களே ஏமாந்துபோவார்கள். ஆனால் அக்காவுக்கு முப்பதைத் தாண்டியதுமே தலை முழுக்க நரைத்துவிட்டது. சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே பஞ்சு.

“நான் போறேன். தலைதானே வேற? அதை நான் பாத்துக்கறேன்” என்றாள் சின்னவள்.

அக்கா திட்டினாள். மாட்டினால் இரண்டு பேர் மானமும் கப்பலேறும் என்றாள். திட்டி முடித்தபோது இடுப்பில் சுருக்கென்று இழுக்க, வேறு வழி தெரியாமல் அரை மனசாகத் தலையாட்டினாள்.

முதலில் முகப் பவுடர். வீடெல்லாம் புகை மூட்டமாயிற்றே தவிரத் தலையில் ஒன்றும் ஒட்டவில்லை. வாசனை வேறு தெருமுனை வரை போகும். அடுத்து எண்ணெய் தடவி அதன்மேல் சோள மாவைத் தூவினாள். அது திரித் திரியாக உருண்டு, சண்டையில் மாவுப் பானைக்குள் விழுந்து எழுந்தவள் மாதிரி ஆகிவிட்டது. அக்கா வலியை மறந்து சிரித்தாள். சின்னவள் கடுப்போடு போய் அலசிவிட்டு வந்து, தலையை நன்றாகக் காயவைத்து, கிரீமை மெல்லிசாக இழுத்துச் சீவினாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோள மாவைத் தொட்டுத் தொட்டு முடி முடியாகத் தட்டினாள். அக்கா படுத்தபடியே, நெற்றிப் பக்கம் இன்னும், காதோரம் இன்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னந்தலை எப்படி என்று சின்னவள் கேட்டதற்கு, என் பின்மண்டையை நான் எங்கே கண்டேன் என்றாள். கடைசியில் சின்னவள் கண்ணாடியில் பார்த்தாள். அங்கே நின்றது அக்காவேதான். இவ்வளவு வயதாகிவிட்டதா அவளுக்கு?

பேருந்தில் தலையைச் சாய்க்கவும் பயம், சன்னலோரம் உட்காரவும் பயம். உச்சந்தலையில் அரித்தது. அரித்த இடத்தைச் சொரிய முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தாள். வாசல் காவலாளி அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தான், வெள்ளைத் தலையைப் பார்த்தான், உள்ளே விட்டான். அவ்வளவுதான். ஆனாலும் அவள் பயமெல்லாம் ஒரே ஒருத்தியிடம்தான்.

அவள் அக்காவின் எதிர்ப்பக்கக்காரி. ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அக்கா பிடிக்க, மற்ற இரண்டையும் அவள் பிடிக்க, இருவருமாக, துணியை உலர்த்தித் தேய்க்கிற சூடான உருளைக்குள் அதைச் செலுத்த வேண்டும். நாலு வருடமாக எதிரெதிரே நிற்கிறார்கள். வீட்டில் அக்கா வாயைத் திறந்தால் அவள் பேச்சுதான்: அவள் புருஷனுக்கு வயிற்றுப் புண், அவள் மகன் பரீட்சையில் கோட்டைவிட்டது, அவள் மாமியார் படுத்துகிற பாடு. கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொல்வேன் என்று அக்கா ஒருமுறை சொல்ல, சின்னவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்ப்பக்கக்காரி வந்தாள். வந்ததும் வராததுமாகத் தன் கடைவாய்ப் பல் வலியை ஆரம்பித்தாள். விரிப்பு மேல் விரிப்பாக உள்ளே போய்க்கொண்டிருந்தது, பல் கதையும் போய்க்கொண்டிருந்தது. சின்னவளுக்கு முனை பிடிக்கிற லாகவம் பிடிபடவில்லை. இரண்டு முறை கோணலாக விட்டாள். இதோ கேட்கப்போகிறாள், இதோ நிமிர்ந்து பார்க்கப்போகிறாள் என்று உள்ளுக்குள் துடித்தாள். அவள் கேட்கவில்லை. கோணலைத் தன் பக்கத்திலிருந்து இழுத்துச் சரி செய்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றாள். பொறுக்க முடியாத சின்னவள், வேர் வரை போயிருக்கும், தள்ளிப்போடாதே என்று கிளினிக் பாணியில் வாயை விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கும் எதிர்ப்பக்கக்காரி சரி சரி என்றாளே தவிர, ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் கூடம் முழுக்க ஆவி. அப்போதுதான் நெற்றியில் வழவழவென்று ஏதோ இறங்கியது. தொட்டுப் பார்த்தாள், கஞ்சி. இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஆஸ்பத்திரி சமையல்காரர்களின் உடுப்புக்குத் தினமும் கஞ்சி காய்ச்சுவது அக்காதான், அதே சோள மாவில்தான். சோள மாவும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள், காலையில் கட்டிலில் படுத்துக்கொண்டு காதோரம் இன்னும் போடு என்று சொல்லியிருக்கிறாள். பதற்றம் வந்தால் புத்தி எங்கே போகுமோ.

ஒரு சொட்டு விரிப்பில் விழுந்து உருளைக்குள் போயிற்று. சின்னவள் தோளால் நெற்றியைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் கறுப்பு வெளியே வந்தது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் எதிரே வந்து நின்றார். தொலைந்தது, அக்காவின் வேலை என் தலையாலேயே தொலைந்தது என்று நினைத்தாள்.

“என்ன பஞ்சக்கா, டை அடிச்சிருக்கியா? திட்டுத் திட்டா இருக்கே. முழுசா அடிச்சுக்க, நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

எதிர்ப்பக்கக்காரியும் அப்போது ஒரு பார்வை பார்த்தாள். ஆமாம், நல்லாயிருக்கு என்றாள். அடுத்த விரிப்பை எடுத்தாள்.

சாயங்காலம் வீடு வரும்வரை சின்னவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாயிற்று. தலை காய்ந்து தகரமாக நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்து, காவலாளியில் தொடங்கி ஒன்று விடாமல் நடித்துக் காட்டினாள். கஞ்சியைச் சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டை என்றபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, போதும்டி, சிரிக்க வைக்காதே என்று கெஞ்சினாள். வேலை தப்பித்ததில் இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

“அவ மட்டும் கண்டுபிடிச்சிருப்பாளே. என்ன சொன்னா?” என்று கேட்டாள் அக்கா.

“எவ, எதிர்ப்பக்கக்காரியா? அவளா கண்டுபிடிப்பா! நாள் பூரா என் மூஞ்சிக்கு நேரா பல்லைப் பத்தியே பேசிட்டிருந்தா. நீ இங்க இடுப்பைப் பிடிச்சிட்டுப் படுத்திருக்கிறது அவளுக்கு எங்க தெரியும்? நான்தான் நீன்னு சத்தியம் பண்ணியிருப்பா.”

பெருமையாகத்தான் சொன்னாள். தன் கைவேலையின் பெருமை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். தனியாகச் சிரிப்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்தது.

“அவளுக்குக்கூடவா தெரியல?” என்றாள் அக்கா.

அவள் கண்டுபிடித்துவிட்டாள் அக்கா, உன்னைத்தான் விசாரித்தாள், உன் இடுப்பை நினைத்து உருகினாள் என்று ஒரு பொய் சின்னவளின் வாய்வரை வந்தது. இரண்டு நிமிடம் முன்னால் வந்திருக்க வேண்டிய பொய். யோசிக்காமல் பேசுகிற தன் வாயை அன்று அவள் வெறுத்தாள்.

“வேலை தப்பிச்சுதுல்ல. அதை நினைச்சுக்க” என்று மட்டும் சொன்னாள்.

“தப்பிச்சுது” என்றாள் அக்கா. வலித்தாலும் பரவாயில்லை என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “நாளைக்கு நான் யார் எதிர்ல போய் நிக்கறது?”