பாதிரி மலைக்கு வரி

எங்கள் ஊரில் மலையைப் பார்ப்பதற்கு வரி போட்டார்கள் என்று இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த வருடம் சிரித்தவர் யாரும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளத்துக்கு வரி கிடையாது, கடையில் வாங்கும் சாமானுக்கும் கிடையாது. இதை வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பள்ளிக்கூடம், தீயணைப்பு வண்டி, பனி அள்ளும் லாரி எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து வீட்டுக்காரன் தலையில்தான் கை வைப்பார்கள் என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வோம்.

நான் அப்போது மளிகைக் கடை வைத்திருந்தேன். மூலையில் ஒரு காப்பி அடுப்பு. காப்பிக்கு முன்னால் ஊர்ச் செய்திதான் அதில் கொதிக்கும்.

லெலண்ட் ஸ்டோடார்ட் அங்கே முதன்முதலாக வந்து நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கனெக்டிகட்டில் ஒரு கம்பெனியின் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கம்பெனிக்கு மொத்தம் எத்தனை துணைத் தலைவர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஹைரம் ஹாஸ்கெல் வீட்டுக்குப் பின்னால், மேட்டில் இருந்த பாறை நிலத்தை வாங்கியிருந்தார். ஆடுகூட நின்று மேய யோசிக்கும் இடம். கொடுத்த விலையைக் கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்.

"நிலத்துக்கா கொடுத்தேன்? அந்தக் காட்சிக்குக் கொடுத்தேன்!"

ஹைரம் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா நாங்க அதைச் சும்மாதான பாத்துக்கிட்டு இருக்கோம். முன்னாடியே சொல்லியிருந்தா வாசல்ல டிக்கெட் போட்டிருப்பேனே!"

கடையே சிரித்தது. மறு வருடம் அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து பில் வந்தது.

ஸ்டோடார்ட் காட்சி என்று சொன்னது எங்கள் பாதிரி மலையை. ஞாயிற்றுக்கிழமை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்த பாதிரி மாதிரி இருக்கும். மூக்கு, தொந்தி, பூட்ஸ் எல்லாம் தெரியும். அதை ஊரிலேயே நன்றாகப் பார்க்கிற இடம் ஹைரமின் சமையலறைதான். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கல்யாணமாகி வெர்னாவை அழைத்து வந்தபோது ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்கள் மட்டும்தான் இருந்தனவாம். "இதென்ன, பெட்டிக்குள்ள வச்சு மூடின மாதிரி" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாளே அவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு புல்வெளியின் கடைசிக்குப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் புதிதாக முளைத்த கன்றுகளை அறுத்துத் தள்ளுவார். வேறு ஆண்கள் மனைவிக்கு நகை வாங்கினார்கள், இவர் மலை வாங்கிக் கொடுத்தார் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்த மேசையில் வெர்னா மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடும் 'பை'யைத் தின்றபடி, மலையில் நிழல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எத்தனையோ. அதற்கு ஒரு விலை உண்டு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லா வீடுகளுக்கும் புது மதிப்புப் போடுவது வழக்கம். அந்த வருடம் வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து கேமராவும் கையுமாக ஒரு பையன் வந்தான். வெர்னாவின் ஜன்னல் முன்னால் நின்று "ஆஹா!" என்றான். வெர்னா பூரித்துப்போய் இரண்டு துண்டு ஆப்பிள் பை வெட்டி வைத்தாள். அந்த 'ஆஹா'வின் விலை பில்லில்தான் தெரிந்தது. ஸ்டோடார்ட் கொடுத்த பணத்தில் பாறைக்கு மதிப்பில்லை, ஆகவே மிச்சமெல்லாம் மலையின் விலை. ஆகவே அதே மலை யார் ஜன்னலில் தெரிந்தாலும் அதே விலை. அவ்வளவுதான் கணக்கு. ஹைரமின் வரி இரண்டு மடங்குக்கு மேல் போனது. பேருந்து ஓட்டியவரின் ஓய்வூதியம் அதற்குத் தாங்காது. கட்டாமல் விட்டால் ஊரே வீட்டை எடுத்துக்கொள்ளும்.

வரியைக் குறைக்கச் சொல்லி மனு போட்டவர்களை ஊர்ச்சபை விசாரித்த அன்று ஊரே கூடிவிட்டது. பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடக்கும் பருவம். வேறு பொழுதுபோக்கு இல்லை.

முதல் ஆள் ஸ்டோடார்ட். மலையைக் கண்டுபிடித்தவரே அவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அன்று ஒரு வக்கீலோடு வந்திருந்தார். பாதி வருடம் மூடுபனி, மே மாதம் முழுக்கக் கடிக்கிற கருப்பு ஈ, போதாததற்கு மலையின் உருவமே 'அவலட்சணமானது' என்று வக்கீல் வாசித்தார். ஸ்டோடார்ட் துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சபைத் தலைவி ஆல்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அப்போ அந்தக் காட்சி உங்களுக்குப் பிடிக்கலைன்னு எழுதிக்கலாமா?"

"தாராளமா எழுதிக்கங்க!"

எழுதிக்கொண்டார்கள். அவருக்கு வரி குறைந்தது. அடுத்து ஹைரம்.

"என்னப்பா காரணம்?" என்றாள் ஆல்மா.

"மலை பக்கத்து ஊர் எல்லைக்குள்ள இருக்கு. வரியை அவங்ககிட்ட போய் வாங்கு."

"மலைக்கு இல்ல ஹைரம், உன் ஜன்னலுக்கு. ஏப்ரல் ஒண்ணாம் தேதி என்ன இருக்கோ அதுக்குத்தான் வரி. அன்னைக்கு மலை தெரிஞ்சுதா, இல்லையா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து வெர்னாவின் குரல் வந்தது. "நல்லாத் தெரிஞ்சுது!"

"நீ யார் பக்கம்?" என்று திரும்பினார் ஹைரம்.

"மலை பக்கம்."

சிரிப்பு அடங்கியதும் ஆல்மா, கேமராப் பையன் வீட்டு விவரங்களைக் குறித்துப்போன அட்டையை மேலிருந்து கீழாகப் படித்தாள். "ரெண்டு குளியலறைன்னு போட்டிருக்கே?"

"ரெண்டாவதுல என் ஊறுகாய் ஜாடிதான் குளிக்குது," என்றாள் வெர்னா.

ஒரு குளியலறை அடிபட்டது. கொரியப் போருக்குப் போய்வந்ததற்கு ஒரு வரிக் கழிவு உண்டு, வயதானவர்களுக்கு இன்னொன்று உண்டு, இத்தனை காலம் ஏன் கேட்கவில்லை என்றாள் ஆல்மா. ஹைரம் முகம் சிவந்து, "எனக்குத் தர்மம் வேண்டாம்" என்றார்.

"ஊர்ப் பிள்ளைங்க போட்ட கூச்சலை அத்தனை வருஷம் கேட்டியே, அதுக்குக் கூலின்னு வச்சுக்கோ. கையெழுத்தைப் போடு," என்றாள் வெர்னா.

போட்டார். பில் குறைந்தது. ஆனால் காட்சி அப்படியே இருந்தது, அதன் விலையும் இருந்தது. சேமிப்பில் கை வைத்தால் அடுத்த மதிப்பீடு வரை ஓட்டலாம்; அதற்கப்புறமும் இதே விலை என்றால் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்த அக்டோபரில் ஹைரம் ரம்பத்தை எடுக்கவில்லை. உடம்புக்கு என்ன என்று வெர்னாவிடம் கேட்டேன்.

"நான்தான் வேண்டாம்னேன். மலையைப் பாத்துக்கிட்டே வீட்டை விக்கிறதா? வீட்டுக்குள்ள உக்காந்து மலையை நினைச்சுக்கிறேன், போ," என்றாள். சொல்லிவிட்டு, வாங்க வந்த மாவை வாங்காமலே போய்விட்டாள்.

பைன் மரம் விட்டால் வளரும். முதல் வருடம் பாதிரியின் பூட்ஸ் போயிற்று, அடுத்து தொந்தி. ஸ்டோடார்டுக்கும் மலை ஹைரமின் புல்வெளிக்கு மேலாகத்தான் தெரியும்; மூக்கு மறையத் தொடங்கியபோது கடைக்குள் ஏறக்குறைய ஓடி வந்தார்.

"ஹைரம், உங்க மரங்க என் காட்சியை மறைக்குது!"

"எந்தக் காட்சி? மூடுபனி, ஈ, அவலட்சணம், அதுவா? அந்தக் கண்றாவியை நீங்க தினம் பாக்கணுமேன்னு பாவப்பட்டுத்தான மரத்தை விட்டேன்."

"அறுக்கிற கூலியை நான் தர்றேன்."

"கூலி கிடக்கட்டும். மரத்தை அறுத்தா என் ஜன்னலுக்கு ஏறுமே வரி, அதையும் தருவீங்களா?"

ஸ்டோடார்ட் பாலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மதிப்பீட்டுக்கு வேறொரு ஆள் வந்தார். வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆப்பிள் பையையும் வைத்தாள். "உக்கார நேரமில்லம்மா, இன்னும் நிறைய வீடு இருக்கு" என்று நின்றபடியே ஜன்னலைப் பார்த்தார். பச்சைச் சுவர். 'காட்சி: இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வரி பழைய இடத்துக்கு இறங்கியது. வீடு நிலைத்தது. மறு வருடம் ஸ்டோடார்ட் புளோரிடாவுக்குக் குடிபோனார். வீட்டை விற்ற விலையை மட்டும் கடையில் வந்து சொல்லவில்லை.

அந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெர்னா அடுப்படியில் இருந்தாள். ஹைரம் வலிக்கிற காலை ஒரு நாற்காலியில் நீட்டியிருந்ததால், காலியாக இருந்த வெர்னாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிமிர்ந்தால், ஜன்னலின் கீழ்க் கண்ணாடியில், இரண்டு மரங்களுக்கு நடுவே, தட்டளவு ஓர் ஓட்டை. கிளைகளைச் சுத்தமாகக் கழித்திருந்தார்கள். அதற்குள் பாதிரி முழுசாகப் படுத்திருந்தார், மூக்கிலிருந்து பூட்ஸ் வரை. எழுந்து பார்த்தேன், வெறும் பைன். உட்கார்ந்தேன், பாதிரி.

ஹைரம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலையே."

"அந்த ஆளும் அப்படித்தான் எழுதிட்டுப் போனான்," என்று பக்கத்தைத் திருப்பினார்.

வெர்னா சூடான பையைக் கொண்டுவந்து வைத்து, "எந்திரி, அது என் இடம்" என்றாள்.

இப்போது இருவரும் இல்லை. வீட்டை வாங்கிய புது ஆட்கள் சமையலறையைப் புதுப்பித்து, உயரமான ஸ்டூல்கள் போட்டிருக்கிறார்கள். அதில் ஏறி உட்கார்ந்து பைன் மரங்களைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் கீழே உட்காருங்கள் என்று சொல்லலாமா என்று சில நாள் தோன்றும். மதிப்பீட்டாளர்கள் மறுபடியும் ஊருக்குள் வந்திருப்பதாகக் கேள்வி. அவர்கள் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம்.