ஆங்கிலத்தில் பெயர் சொன்னால் உயரும் தீவு

அந்தத் தீவு நாட்டின் பெயரை ஒரு வெளிநாட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னால் தீவு ஒரு அரிசிமணி உயரம் மேலே வரும். யாருமே சொல்லாத வாரத்தில் ஒரு விரற்கடை கீழே இறங்கும். சொந்த மொழியில் எத்தனை தடவை சொன்னாலும் ஒன்றும் ஆகாது. அது வீட்டுக்குள் இருப்பவர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வது மாதிரி. ஒரு தலைமையாசிரியர் முந்நூறு பிள்ளைகளைக் கடற்கரையில் நிறுத்தி, ஆங்கிலப் பெயரைக் காலையிலிருந்து மத்தியானம் வரை கத்த வைத்துப் பார்த்தார். கேட்க வெளியாள் ஒருவரும் இல்லாததால் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு, வெளியுறவு அலுவலகத்தின் மாடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பெண் குமாஸ்தா என்று பெயர்ப் பிரிவைத் திறந்தது.

குமாஸ்தாவை ஊரில் படிக்கட்டு அக்கா என்பார்கள். தினமும் காலையில் படகுத்துறைக்குப் போய், எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று எண்ணிவிட்டுத்தான் மேசைக்கு வருவாள். பிறகு பத்திரிகைகளுக்கும் அகராதிக்காரர்களுக்கும் விமான நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதுவாள்: எங்கள் பெயரையும் எங்காவது ஓர் ஓரத்தில் போடுங்கள். பதில்கள் மரியாதையாகவே வந்தன, உறையில் பக்கத்திலிருக்கும் பெரிய நாட்டின் பெயரோடு. இப்படி ஏழு வருஷம் போனது. அவள் வீடு கடலோரத் தெருவின் கடைசி வீடு. தச்சரான கணவர் கல்யாணத்துக்கு முன்பே பலகை பலகையாகத் தானே அடித்துக் கட்டியது. முதல் வருஷம் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது, அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. அவரும் சளைக்காமல் கட்டில் கால்களை உயர்த்திக்கொண்டே போனார். கடைசியில் ஏணி வைத்து ஏறிப் படுத்தார்கள். கரண்டி கை தவறினால் தூண்டில் போட்டு எடுத்தார்கள். வருஷ முடிவுக்குள் தெருவைக் காலி செய்யவேண்டும் என்று அரசாங்கத் தாள் வந்த அன்று, மனுஷர் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். இந்த வீடு போனால் இவர் பாதி ஆளாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மேசையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. நாட்டுக்காரர்கள் நானூறு பேர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்காத நாள் அவர்களுக்கு இருக்காது. அந்தப் பேச்சு ஒன்றே போதுமே தீவைத் தூக்கி நிறுத்த. உடனே, ஒரு பெருநகர ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தங்கையைப் போனில் கூப்பிட்டு, நீ என்ன பதில் சொல்கிறாய் என்று கேட்டாள். தங்கை முதலில் மழுப்பினாள், பிறகு பக்கத்துப் பெரிய நாட்டின் பெயரைத்தான் சொல்வதாக ஒத்துக்கொண்டாள். அவள் மட்டுமல்ல, எல்லோருமே அப்படித்தானாம். அந்தத் தீவில் எதிராளியைச் சங்கடப்படுத்துவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. காலை மிதித்தவரிடம் மிதிபட்டவர் மன்னிப்புக் கேட்கும் ஊர் அது.

"நம்ம நாட்டுப் பேரைச் சொன்னா அவங்களுக்குத் தெரியலக்கா. தெரியலையேன்னு அவங்க முகமே வாடிப்போகுது. பாவமா இருக்கு."

"பாவம்னா எங்களைப் பாருடி. நாங்க கட்டிலுக்கு ஏணி வச்சு ஏறுறோம்."

சொல்லிவிட்டு அக்கா அழுதுவிட்டாள். தங்கையும் அழுதாள். போனுக்கு அந்தப் பக்கம் யாரோ அவளுக்குக் கைக்குட்டை கொடுத்ததும், அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டதும் இங்கே கேட்டது.

அடுத்த வாரம் தங்கை வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போனாள். கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலில் அவள் நாடு இல்லை. 'மற்றவை' என்று போட்டுக்கொள்கிறேன் என்றார் அதிகாரி. வேறொரு நாளாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்திருப்பாள். அன்றைக்குக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் முழுதாகச் சொன்னாள். பட்டியலில் இல்லையே என்றார் அவர். அப்படியானால் சேருங்கள், நிற்கிறேன் என்று நின்றாள். பின்னால் எண்பது பேர். தீவின் சரித்திரத்தில் ஒரு வரிசையை நிறுத்திய முதல் ஆள் அவள்தான். என்ன தாமதம் என்று பின்னால் நின்றவர் கேட்டார். காரணம் பெயரோடு வாய்க்கு வாய் போனது. வரிசையைத் தாண்டித் தெருவுக்கும், தெருவிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து ஊருக்கும் போனது. அதிகாரி மேலதிகாரிக்குப் போன் போட்டார், அவர் தனக்கு மேலே இருந்தவருக்குப் போட்டார். ஆளாளுக்குப் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்ல வழியில்லை. சாயங்காலத்துக்குள் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள்.

தீவில் அக்காவின் மேசை லிப்ட் கிளம்புவதுபோல ஒரு குலுங்கு குலுங்கியது. செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினாள். விருந்து முடிந்து கிளம்புகிறவர்கள் மாதிரி தண்ணீர் அவசரமில்லாமல் வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் மாட்டிக்கொண்ட இரண்டு மீன்களைக் கணவர் வாளியில் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோனார். துறையில் காலையில் ஏழு படி. இப்போது நாற்பத்தொன்று, அதில் பாதி இருப்பதே ஊருக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் துடைப்பத்தோடு வந்து படிகளைக் கழுவிவிட்டார்கள். காலி செய்யச் சொன்ன தாளைக் கொடுத்தவரே வந்து, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

வாய் திறந்த தங்கை அப்புறம் மூடவில்லை. நோயாளி, டாக்டர், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு, ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. வெளிநாடுகளில் இருந்த மற்றவர்களும் அவளைப் பார்த்துத் துணிந்துவிட்டார்கள். கடைசிப் படிக்கும் கீழே பாறை தெரிய ஆரம்பித்தது. படகில் வருகிறவர்களைக் கூடையில் வைத்துக் கயிற்றால் இழுக்க வேண்டியதாயிற்று. போதும் நிறுத்து என்று அவளிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. விடுமுறைக்கு வந்த அவளையும் எட்டுப் பேர் சேர்ந்து பெட்டியோடு மேலே இழுத்தார்கள். கூடையிலிருந்து இறங்கிக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் அதிகமாயிடுச்சோ அக்கா?"

"இருக்கட்டும்டி, காத்து நல்லா வருது" என்று அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். தங்கையின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மூன்று பேரும் வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தரை நன்றாகக் காய்ந்திருந்தது.