சகலைக்கு வந்த அழைப்பு

சின்னவருடைய செல்போன் அடித்தால் பெரியவருக்குக் காதில் புகை வரும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தப் புகையை வைத்தே தெரு முழுக்கக் கொசு விரட்டியிருக்கலாம்.

இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். ஒரே வீட்டில் கீழே ஒரு குடித்தனம், மாடியில் ஒரு குடித்தனம். வேலை பார்த்ததும் ஒரே நிதி நிறுவனத்தில்தான். பெரியவர் கடன் பிரிவு. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரைக் கும்பிட்டு அனுப்பிவிடலாம் என்று கணக்கைக் குடைந்து பார்த்துச் சொல்கிற வேலை. சின்னவருக்கு முன்பக்கக் கவுன்டர். வந்தவரை உட்காரவைத்துச் சிரிக்கிற வேலை. அந்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. வாங்கிய கையோடு இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து இருவரும் ஒரே மேஜையில், ஒரே கம்ப்யூட்டரில், பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அழைப்பு மட்டும் ஒருவருக்கே வந்தது.

இந்தக் காலத்தில் நேர்முகத் தேர்வு சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆள் எந்த நிலையில் இருக்கிறான், திடீரென்று கேட்டால் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க, நினைத்த நேரத்தில் போன் போடுகிறார்கள். சின்னவருக்கு முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு இருக்கும்போது வரும். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருக்கும்போது வரும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்தவர்களே அழுகையை நிறுத்திவிட்டு, "நீங்க முதல்ல பேசிட்டு வாங்க தம்பி" என்று வழிவிட்டதாகக்கூடக் கேள்வி.

"சொல்லுங்க மேடம்! உங்க பேரும் கம்பெனி பேரும் இன்னொரு தடவை சொல்லிடுங்க, குறிச்சுக்கறேன். இங்க கொஞ்சம் சத்தமா இருக்கு. பத்து நிமிஷத்துல நானே கூப்பிடட்டுமா?"

வேலை கேட்கிறவன் வேலை கொடுக்கிறவர்களைக் காத்திருக்கச் சொல்கிறான்! எவ்வளவு திமிர் என்று பெரியவர் பல்லைக் கடிப்பார். அந்தப் பாவிகளும் காத்திருப்பார்களே, அதுதான் கொடுமை.

நேரில் போனால் சின்னவர் தோற்றுத்தான் திரும்புவார். தோற்றதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். "போச்சு அண்ணே! பேலன்ஸ் ஷீட்டைக் கையில குடுத்து என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. அச்சு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பெரியவரின் வயிறு இதைக் கேட்டாவது குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அவனைக் கூப்பிட்டுப் பார்த்து வேண்டாம் என்கிறார்கள். என்னை மட்டும் கூப்பிடாமலே வேண்டாம் என்கிறார்களே!

இத்தனைக்கும் பெரியவர் தயாராக இருந்த அளவுக்கு எந்த நாட்டு ராணுவமும் தயாராக இருந்ததில்லை. விடிந்ததும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, டை கட்டி, சான்றிதழ்களை அடுக்கி, தொண்டை வறண்டால் குடிக்கத் தண்ணீரும் எடுத்துவைத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"போன்ல பேசறதுக்கு எதுக்குங்க டை? அவங்க கண்ணுக்குத் தெரியவா போகுது?" என்பார் மனைவி.

"குரல்ல தெரியும்."

"உங்க போனுந்தான் ஓயாம அடிக்குது. எடுத்தாதானே?"

"எல்லாம் கார்டு விக்கிறவன், இன்சூரன்ஸ் விக்கிறவன். அதுல என்ன பேச்சு?"

அன்று மாடியில் குழாய் மக்கர் செய்தது. சின்னவர் துண்டும் சோப்பு டப்பாவுமாகக் கீழே இறங்கி வந்தார். செல்போனைப் பெரியவரின் மேஜையில் வைத்துவிட்டு, "பார்த்துக்கோங்க அண்ணே" என்று குளியலறைக்குள் புகுந்தார். அங்கிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. வேலை இல்லாதவனுக்குப் பாட்டு வேறு.

போன் அடித்தது.

பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். மனைவி அடுப்படியில் இருந்தார். எடுத்தார்.

ஒரு பெண் குரல். ஒரு நிறுவனத்தின் கடன் பிரிவுத் தலைவர் பேசுவதாகச் சொன்னது. தன் பிரிவில் காலியாக இருப்பது ஒரே ஒரு இடம், சில கேள்விகள் கேட்கலாமா என்றது. அதே வேலைக்குப் பெரியவரும்தான் விண்ணப்பித்திருந்தார்! குரல் சின்னவரின் பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்று கேட்டது.

பெரியவர் மனதில் ஒரு குட்டிச்சாத்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஆமாம் என்று சொல். கேட்கிற கேள்விக்கெல்லாம் கோணல் பதிலாகச் சொல். இனி எந்த நிறுவனமும் இவனைக் கூப்பிடாதபடி செய்.

"நான்தான் மேடம்," என்றார்.

"ஒரு கம்பெனி வருஷா வருஷம் லாபம் காட்டுது. ஆனா சம்பளம் போட முடியலைன்னு கடன் கேட்டு வருது. என்ன நினைப்பீங்க?"

'அவங்க நேரம் சரியில்லைன்னு நினைப்பேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. தப்பான கணக்கைச் சொல்வதற்கு அந்த நாக்கு பழகியிருக்கவில்லை.

"லாபம் காகிதத்துல இருக்கு மேடம், கையில இல்லை. வித்த சரக்குக்குப் பணம் வசூலாகியிருக்கான்னு முதல்ல பார்ப்பேன். அப்புறம் நேரா குடோனுக்குப் போவேன். விக்காத சரக்கு தூசி படிஞ்சு கிடந்தா, அதைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் மேல பேசுவேன்."

அந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள் மழையாகக் கொட்டின. பெரியவர் குடை பிடிக்கவில்லை, ஆனந்தமாக நனைந்தார். எத்தனை மாதமாக உள்ளே அடைத்து வைத்திருந்தது! தள்ளுபடி செய்தார், அடமானம் பிடித்தார், பொய்க் கணக்கு எழுதுபவர்களை வாயாலேயே ஜெயிலில் போட்டார். கடைசியில் அந்த அம்மாள், "இப்படி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். சான்றிதழோட நேர்ல வந்துடுங்க," என்றார்.

பெரியவர் நெஞ்சு பூரித்தது. அடுத்த மூச்சிலேயே சுருங்கியது. வரச் சொன்னது யாரை? சின்னவரை! பதில் இவருடையது, புகழ்ச்சி அவனுக்கா? உலகத்திலேயே தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்ட முதல் மனிதர் அவர்தான்.

"மேடம், பேசினது அவன் இல்லை! நான் அவனோட சகலை. அவன் குளிச்சிட்டிருக்கான்."

மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொறாமைதான் சொல்ல வைத்தது.

"என்னது?" என்றது குரல்.

"நானும் இதே வேலைக்குப் போட்டிருந்தேன். நீங்க என்னைக் கூப்பிடவே இல்லை!" தன் பெயரைச் சொன்னார். ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"கூப்பிடலையா? இந்த வாரம் மட்டும் எத்தனை தடவை! ஒவ்வொரு தடவையும் நீங்கதான் கட் பண்ணினீங்க."

பெரியவருக்கு நாற்காலி நழுவுவதுபோல் இருந்தது. கடன் பிரிவில் இருந்த நாட்களில், கடன் மறுக்கப்பட்டவர்கள் ராத்திரி பகல் பாராமல் கூப்பிட்டு அழுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள். தெரியாத எண் வந்தால் உடனே கட் செய்வது என்று கட்டைவிரல் பழகிவிட்டது. கார்டு விற்கிறவன் என்று இவர் நினைத்து வெட்டித் தள்ளியதெல்லாம் வேலை. அத்தனையும் வேலை!

இதற்குள் சின்னவர் தலையில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். மனைவியும் கரண்டியோடு வந்துவிட்டார். பெரியவர் முகத்தைப் பார்த்ததுமே இருவருக்கும் பாதி விளங்கியது. மீதியைப் பெரியவர் முனகலாகச் சொன்னார்.

சின்னவர் கோபப்படுவார், சண்டை போடுவார், அந்தச் சண்டையிலாவது கொஞ்சம் ஜெயிக்கலாம் என்று பெரியவருக்கு ஒரு நப்பாசை. அவரோ போனை வாங்கி, "மேடம், நேர்ல வந்தா நான் திருதிருன்னு முழிப்பேன். வேலையை அண்ணனுக்கே குடுங்க," என்றார். நல்லவன் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போய்விட்டான்!

"அவர் போனுக்குக் கூப்பிடறேன். இந்தத் தடவையும் கட் பண்ணினா அவ்வளவுதான்," என்று அந்த அம்மாள் வைத்துவிட்டார்.

பெரியவருடைய போன் அடித்தது. தெரியாத எண். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தது.

"ஐயோ, பிடிங்க தம்பி!" என்று மனைவி அலறினார். சின்னவர் அந்த விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, மனைவி கரண்டிக் கையாலேயே பச்சையைத் தொட்டார்.

"ஒரே கேள்விதான்," என்றது குரல். "இன்னொருத்தர் பேர்ல பேசின ஆள் உங்ககிட்ட கடன் கேட்டு வந்தா குடுப்பீங்களா?"

பெரியவர் டையைத் தளர்த்தினார். "குடுக்க மாட்டேன் மேடம்." மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். "கேட்கறதுக்கு முன்னாடி தானா ஒத்துக்கிட்டான்னா, ஜாமீனுக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்வேன்."

"சரி. உங்களுக்கு யார் ஜாமீன்?"

சின்னவர் ஈரக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நுரை காதுவழியாக வழிந்தது.

"என் சகலை."

"எப்படிப்பட்டவர்?"

அதுவரை ஒரு கேள்விக்கும் தயங்காத பெரியவர் தண்ணீரைக் குடித்தார். முழுவதையும் குடித்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வெளியே இழுத்தார். "நல்ல... மனுஷன் மேடம். என்னை... விட."

சின்னவருக்குக் கண் கலங்கியது. சோப்பாகவும் இருக்கலாம்.

வேலை பெரியவருக்குக் கிடைத்தது. உத்தரவு வந்த அன்று வீடே கொண்டாடியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கொண்டாடியவர் சின்னவர். தெருமுனைக் கடைக்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பெரியவர் சந்தோஷப்பட மறந்து, அந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி எரிச்சல், ஓர் ஓரத்தில் ஒரு சுளிப்பு, ஒன்றும் தென்படவில்லை. இத்தனை வருஷம் நான் எரிந்தேனே, எனக்காக இவன் ஒரு நாள் எரியக் கூடாதா?

முதல் நாள் வேலை முடிந்து வந்தவரிடம் சின்னவர் கேட்டார்: "ஆபீஸ் எப்படி அண்ணே?"

"தனி அறை."

"ஓ."

"ஏசி."

"சரி."

"சுத்துற நாற்காலி. சாஞ்சுக்கலாம்."

சின்னவர் ஜன்னல் பக்கம் பார்த்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"சாப்பிட்டியா மாப்ளே?" என்றார் பெரியவர், வாழ்நாளில் முதன்முறையாகப் பாசம் பொங்க. "வா, வா, எங்க வீட்டுல சாப்பிடு!"