பதினேழாம் நம்பர் தூசி

விண்கலம் விழுந்து சாவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தபோது, படத்துடைப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி திரையைப் பார்த்தார். தூசி அங்கேயேதான் இருந்தது. படத்தின் இடது கீழ் மூலையில், எள்ளளவு.

அவருடைய உத்தியோகத்தின் முழுப்பெயர் ‘படிமத் தரச் சீராக்க முதுநிலை அலுவலர்’. அடையாள அட்டையில் அது ஒரு வரிக்குள் அடங்காமல் இரண்டாக மடிந்து கிடக்கும். ஆபீஸில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ‘துடைப்பம்’ என்றும், முகத்துக்கு நேரே ‘துடைப்பம் சார்’ என்றும் கூப்பிட்டார்கள். வேலையும் அதுதான். வியாழனைச் சுற்றிக்கொண்டிருந்த கலத்தின் கேமராவில் ஒட்டிய தூசியெல்லாம் அது அனுப்பும் படங்களில் கறையாக விழும். எந்தக் கறை எந்த இடத்தில் என்று நம்பர் போட்ட பட்டியல் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, கறை இருந்த இடத்தில் பக்கத்து நிறத்தை அள்ளிப் பூசிவிடும். பூச்சு சரியாக இருக்கிறதா என்று அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பூசாத மூலப்படங்களைத் தொண்ணூறு நாளில் அழித்துவிடுவார்கள், சிக்கன நடவடிக்கை. பதினோரு வருஷமாக உலகம் வாயைப் பிளந்து பார்த்த மேகச் சுழல்களும் நிலவு நிழல்களும் அவர் குளிப்பாட்டி, தலைவாரி, பவுடர் போட்டு அனுப்பிவைத்தவை. ஒன்று தபால்தலையாகிக்கூட விட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் கதிர்வீச்சில் அந்தக் கேமரா கண்ணை மூடியது. பதினோரு வருஷம் மூடியே கிடந்த உபரி கேமராவை எழுப்பினார்கள். புதுக் கேமராவுக்குப் பழைய தூசிப் பட்டியல் எதற்கு என்று அன்றைக்கே ஒருவர் குறிப்பு எழுதினார். வியாழனிலிருந்து ஒளி வந்து சேர நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். அந்தக் குறிப்பு மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு வந்து சேர மூன்று வாரம் ஆனது. இன்று காலையில்தான் ஆணை கைக்கு வந்தது. அவர் பட்டியலை நிறுத்திவிட்டு, புதுக் கேமராவின் பூச்சில்லாத படத்தை முதல்முறையாகத் திறந்தார். நாற்பத்தாறு தூசியில் நாற்பத்தைந்து காணாமல் போயிருந்தது. நியாயம்தான், ஒரு கேமராவின் தூசி இன்னொரு கேமராவுக்குக் குடிபோகாது.

பதினேழாம் நம்பர் மட்டும் குடிபோயிருந்தது.

ஒரு புள்ளியைத் தூசி என்று பட்டியலில் ஏற்ற ஒரு விதி உண்டு. மூன்று வெவ்வேறு திசையில் எடுத்த மூன்று படங்களைப் பார்க்க வேண்டும். மூன்றிலும் அதே மூலையில் இருந்தால் அது லென்ஸில் இருக்கிறது, வெளியே இல்லை. பதினேழை ஏற்றியவர் அவர்தான். ‘மூன்று படங்களும் பார்க்கப்பட்டன’ என்பதன் கீழே இருக்கும் கையெழுத்தும் அவருடையதுதான். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றும் அதில் இருந்தது. அந்த விதியை இன்று, பதினோரு வருஷம் கழித்து, ஒழுங்காகச் செய்து பார்த்தார். துருவ மேகம் ஒன்று, நிலவு ஒன்று, வெறும் இருட்டு ஒன்று. மூன்றிலும் அதே மூலை. இருட்டுப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கை நின்றது. புள்ளிக்கு ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்திருந்தது. சூரியன் இருந்த பக்கம். லென்ஸில் ஒட்டிய தூசிக்கு அப்படி விழாது.

போனை எடுத்துக் கட்டளை அறையைக் கூப்பிட்டார். கலத்துக்குப் போகும் கட்டளைகளை எழுதுபவள் அவருடைய மச்சினி. மனைவியின் தங்கை என்பதால் ஆபீஸில் அவரைத் துடைப்பம் என்று கூப்பிடாத ஒரே ஆள், வீட்டில் கூப்பிடுவாள்.

“என்னத்தான், அக்கா போன் பண்ணினாளா? இன்னிக்கு விழாவுல, டிவிக்கு நீலச் சட்டைதான் எடுப்பா இருக்குமாம். என்கிட்ட பத்து தடவ சொல்லிட்டா.”

“சட்டை கிடக்கட்டும். நீ இங்க வா.”

வந்தவள் திரையைப் பார்த்தாள். “ஈ எதாவது உக்காந்திருக்கப் போகுது,” என்று விரலால் சுண்டினாள். அவர் படத்தை நகர்த்தினார். புள்ளியும் படத்தோடு நகர்ந்தது. பிறகு மற்ற இரண்டு படங்களையும் காட்டினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வெளியில இருக்குன்னா, கேமரா திரும்புறப்ப எல்லாம் அதுவும் ஓடி வந்து அதே மூலையில நிக்குதா?”

“அப்படித்தான் இருக்கு.”

“நீங்க அன்னைக்கு மூணும் பாத்தீங்கதானே?”

அவர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “ஒண்ணுதான் பாத்தேன். அஞ்சரை பஸ்ஸு.”

“பஸ்ஸா?”

“அதை விட்டா அடுத்தது ஏழு மணிக்குத்தான்.”

மச்சினி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. “கேமராவ அது பக்கமாத் திருப்பி நேராப் பாக்கணும்னா பன்னண்டே காலுக்குள்ள கட்டளை போகணும். அதுக்கப்புறம் நாம சொல்றதக் கேக்க அங்க யாரும் இருக்க மாட்டாங்க.”

“யாரும்னா?”

“கலத்தைச் சொன்னேன் அத்தான்.”

டைரக்டர் அறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஆயுள் முடிந்த கலத்தை வேண்டுமென்றே வியாழனில் மோதவிட்டு முடிக்கும் விழாவுக்கு இரண்டு மணிக்கு மந்திரி வருகிறார். அதற்காக டைரக்டர் பதினோரு பக்க உரை தயாரித்திருந்தார், வருஷத்துக்கு ஒரு பக்கம். “சென்று வா, செல்ல மகளே! நீ எரியும் நெருப்பில் எங்கள் இதயம்…” என்பது வரைக்கும் வந்து, கண்ணீருக்காக அரை நிமிடம் நிறுத்தும் இடத்தில் இவர்கள் உள்ளே போனார்கள். அவர் அந்த அரை நிமிடத்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

துடைப்பாளர் பஸ்ஸையும் சேர்த்தே சொன்னார். அவர் ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. ‘அப்பழுக்கற்ற சேவை’ என்று பொறித்த கேடயத்துக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும். சொல்லி முடித்தபோது முதுகு வியர்த்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க ரெண்டு பேருக்குத்தான் சார்.”

டைரக்டர் எழுந்து திரும்பினார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க, தபால்தலையான அந்தப் புகழ்பெற்ற படம். பரிசுகள் வாங்கித் தந்தது. இடது கீழ் மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு மேகம். அந்த ஒரு அங்குலம் மேகமே இல்லை, தான் பூசிய பூச்சு என்பது துடைப்பாளருக்குத் தெரியும். இப்போது டைரக்டருக்கும் தெரிந்தது. அவர் அந்த மூலையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளி, சுவருக்கு முதுகு காட்டாத மாதிரி பக்கவாட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பதினோரு வருஷம் தூசியா இருந்துச்சு. இன்னும் நாலு மணி நேரம் தூசியாவே இருந்துட்டுப் போகட்டும்.” உரைக் குரல் எங்கோ போயிருந்தது. “துடைங்க. அதுக்குத்தானே நீங்க.”

நடைபாதையில் மச்சினி நின்றாள். “பத்து டிகிரி வரைக்கும் யாரையும் கேக்காமத் திருப்ப எனக்கு அதிகாரம் இருக்கு. ‘சின்னத் திருத்தம்’னு ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான்.”

“உன் வேலை போயிடும்டி.”

“போனா ஏழு மணி பஸ்ஸுல நிதானமாப் போறேன்.”

பன்னிரண்டு ஒன்பதுக்குக் கட்டளை போனது.

மதியம் கீழே அரங்கில் முந்நூறு பேர். மாடியில் துடைப்பாளர் தன் அறையில் தனியாக, நீலச் சட்டையில். ஒவ்வொரு படமும் அவர் திரையில் இருபது விநாடி நிற்கும். பட்டியலை நிறுத்தியதால் கம்ப்யூட்டர் இனித் தானாகத் துடைக்காது, பழைய பட்டியலில் இருக்கும் இடத்தில் ஏதாவது தெரிந்தால் ‘துடைக்கவா?’ என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் அப்படியே கீழே அரங்கத் திரைக்குப் போய்விடும். மொத்தம் நாற்பது படம் என்று கணக்கு. முதல் பதினொன்றில் பதினேழாம் தூசி தன் மூலையில் இருந்தது. அவர் பதினோரு முறை துடைத்தார். பழகிய கை, அதற்கு வெட்கம் கிடையாது.

பன்னிரண்டாவது படத்தில் கேமரா பத்து டிகிரி திரும்பியிருந்தது. அந்த மூலையில் தெரிந்தது வெளியே இருப்பதானால் இப்போது படத்தின் நடுவுக்கு வந்திருக்க வேண்டும். நடுவில் ஒன்றுமில்லை. பதினேழு தன் மூலையில் இருந்தது. மேஜை போனில், கட்டளை அறையிலிருந்த மச்சினியின் மூச்சுச் சத்தம் கேட்டது.

“அத்தான், இருக்கா?”

“இருக்கு.”

“எங்க?”

“அங்கேயேதான்.”

முப்பத்தோராவது படத்தில் அது இல்லை. முப்பத்திரண்டிலும் இல்லை. கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் துடைக்க ஒன்றும் இல்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு சுத்தமான மூலையைப் பார்த்தார். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கூட வந்துகொண்டிருந்த ஒன்று, கலம் விழப்போகிற நேரம் பார்த்து விலகிக்கொண்டது என்று தோன்றியதும் அந்த நிம்மதி கெட்டது. கீழே மேகங்கள் பெரிதாகிப் பெரிதாகி, நாற்பதாவது படத்தில் வெறும் காவி நிறமாயின. மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குச் சமிக்ஞை அறுந்தது. அரங்கில் கைதட்டல் எழுந்தது. டைரக்டர் ஒத்திகை பார்த்த இடத்தில் சரியாக அழுதார். மந்திரி எழுந்து தோளைத் தட்டினார்.

துடைப்பாளர் எழுந்திருக்கப் போனார். திரையில் நாற்பத்தொன்று என்று விழுந்தது.

“நீ எதாவது அனுப்பினியா?” என்றார் போனில்.

“அனுப்ப அங்க கலமே இல்ல அத்தான்.”

படம் மேலிருந்து கீழாக, வரிவரியாக நிரம்பியது. வியாழனின் மேகங்கள் தூரத்தில், சற்றுச் சாய்வாக, எந்தக் கேமராவும் எடுக்காத கோணத்தில் இருந்தன. இவ்வளவு துல்லியமான படத்தை அவர் பார்த்ததேயில்லை. ஒரு தூசி கிடையாது. கடைசி வரிகள் நிரம்பியபோது இடது கீழ் மூலையில் எள்ளளவு ஒன்று தெரிந்தது. பெரிதாக்கினார். ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுந்த இரண்டு நீளச் சிறகுப் பலகைகள். நடுவில் ஒரு கிண்ண ஆன்டெனா. பின்னால் நூலாக ஒரு புகை. அவர்களுடைய கலம்தான், விழுந்துகொண்டிருந்தது.

‘17. துடைக்கவா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர். இருபது, பத்தொன்பது என்று எண் இறங்கியது.

“அத்தான்? என்ன வந்திருக்கு? அத்தான்?”

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எண் இறங்கி முடிந்தது. கீழே அரங்கில், முன் வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரிசையாக, கைதட்டல் நின்றுகொண்டே வந்தது.