மேளம் அடிக்காத சாவு

விஜயகலாவுக்கு யாரையும் நோகவிடப் பிடிக்காது. பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் இப்படி ஒருத்தி இருப்பது நல்லதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். அவளோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்கள். கெட்ட செய்தி எதுவானாலும் அதற்குச் சீனி தடவாமல் அவளால் வாய் திறக்க முடியாது. சக்கர நாற்காலி கிடைக்காது என்று தெரிந்த பிறகும், கேட்டு வந்த பெரியவரிடம் "வந்துரும் தாத்தா, வந்துரும்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பாள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

கொரோனாவின் இரண்டாம் வருடத்தில் பலாங்கொடைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் லயமாக மூடிக்கொண்டு வந்தார்கள். ஒரு காம்பராவில் ஒருவருக்கு வந்தால் போதும், முழு லயத்தையும் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். அரிசி, பருப்பு, டின்மீன், மருந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கயிற்றுக்கு இப்பால் வைப்பது சமூக சேவைப் பிரிவின் வேலை. அந்தப் பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் விஜயகலாவும், அவளுக்குக் கீழே வேலை பார்த்த கோகிலாவும், பலாங்கொடை டவுனிலிருந்து வரும் ஹபீலாவும்தான். மற்றவர்களும் தங்கமானவர்கள், மூட்டை சுமக்க முகம் சுளித்ததில்லை. ஆனால் கயிற்றுக்கு அப்பால் நின்று ஒரு பெண் அழுதுகொண்டே சொல்வதைக் கேட்க இந்த மூவரில் ஒருத்தி வேண்டியிருந்தது. அதனால் முறை வைத்துப் போனார்கள்.

அன்று விஜயகலாவின் முறை. முதல்நாள் போட்டுக்கொண்ட தடுப்பூசியில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போலிருந்தது அவளுக்கு. "நீங்க படுங்கக்கா, நான் போயிட்டு வாறேன்" என்று கோகிலா கிளம்பிப் போனாள். அடுத்த வாரம் கோகிலாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆம்புலன்சில் ஏறும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மாவ பாத்துக்கங்கக்கா. என்னா நடந்தாலும் எனக்கு சொல்லிருங்க."

"சொல்லாம இருப்பனா?" என்றாள் விஜயகலா.

கோகிலாவின் அம்மா புஷ்பம் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். மூச்சு இழுப்புக்காரி. தோட்டத்து லயக் காம்பராவில் மகளோடு இருந்தாள், அவளிடம் போன் கிடையாது. மகன் கிருஷாந்த் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஆகவே இனி புஷ்பத்துக்கு எல்லாமே விஜயகலாதான். தன் முறையில் போயிருந்தால் கோகிலா இன்று வீட்டில் இருந்திருப்பாளே என்ற உறுத்தலில், அவள் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தாள்.

"ஏம்மா அவ்வளவு தூரத்துல நிக்கிற? நானா கொரோனா?" என்று வாசலிலிருந்து புஷ்பம் கேலி பண்ணுவாள். "எம்மகளுக்கு சொல்லு, அம்மா நல்லாருக்குன்னு. அந்த டின்மீன மட்டும் இனி அனுப்பாதீங்க, நாத்தம் தாங்கல."

அந்தப் புஷ்பம் ஒரு விடியற்காலையில் இழுப்பு வந்து, பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஓடி வருவதற்குள் போய்விட்டாள். சோதித்துப் பார்த்தார்கள். கொரோனா இல்லை. ஆனாலும் அன்றைக்கே அடக்கம் பண்ணிவிட வேண்டும், நாலைந்து பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. சொல்லிவிட்டுப் போனார்.

விஜயகலாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிகிச்சை நிலையத்துக்குப் போன் எடுத்தாள். கோகிலாவுக்கு இன்னும் ஒட்சிசன் போய்க்கொண்டிருக்கிறது, சொல்வதும் சொல்லாததும் வீட்டார் முடிவு என்றார் டொக்டர். கிருஷாந்துக்கு எடுத்தாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். "எனக்கு ஒன்னும் தோணலக்கா. நீங்க பாத்து செய்ங்க" என்றான். இப்படி எல்லாரும் கையை விரித்ததில் முடிவு அவள் மடியில் வந்து விழுந்தது. ஒட்சிசனில் கிடக்கிறவளிடம் போய் அம்மா செத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? சுகமாகி வரட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம். கிருஷாந்தையும் அதுவரை வாய் திறக்காதே என்று கேட்டுக்கொண்டாள்.

ஹபீலா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"சொல்லிருங்க மிஸ். எங்க மாமா கொரோனாவுல மவுத்தானப்போ மையத்த அடக்கத் தூரத்து ஓட்டமாவடிக்குக் கொண்டு போனாங்க. எங்களுக்குப் போக ஏலாது. ஆனா லொறி எப்ப போகுதுன்னு சொன்னாங்க. அந்த நேரம் எல்லாரும் வீட்டுல இருந்து துஆ கேட்டோம். தெரிஞ்சதாலதானே அதையாவது செய்ய ஏலுமாச்சு?"

"அவ ஒடம்பு தாங்காது ஹபீலா."

"அத நீங்க எப்படி முடிவு பண்றீங்க?"

விஜயகலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும் என்று கேட்க வாய் வரை வந்ததை மென்று விழுங்கினாள். கேட்டிருந்தால் ஹபீலா பதில் சொல்லியிருப்பாள், ஒருவேளை புத்தியும் வந்திருக்கும்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து மேளக்காரர் ராமச்சந்திரன் லயத்து முனையில் நெருப்பு மூட்டித் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் ஒரு சாவு என்றால் முதலில் மேளம்தான் பேசும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மலையில் நிற்பவர்கள் கூடையை இறக்குவார்கள், அடுத்த டிவிசனில் இருப்பவர்கள் யாரென்று விசாரித்து வருவார்கள். விஜயகலாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கோகிலா கிடக்கும் சிகிச்சை நிலையம் எதிர்மலையில் இருந்த பழைய பங்களா. இடையில் ஓர் ஓடையும் தேயிலையும்தான். இங்கே அடித்தால் அங்கே நன்றாகக் கேட்கும்.

"மேளம் வேணாம்ண்ணே. பி.எச்.ஐ. மாத்தியா அடிக்கக் கூடாதுன்னுட்டாரு."

பி.எச்.ஐ. அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை.

"கூட்டம் சேக்க மாட்டேன் மிஸ்" என்றார் ராமச்சந்திரன். "தனியா நின்னு கொஞ்ச நேரம் அடிச்சிட்டுப் போயிடுறேன். புஷ்பக்கா நம்ம தோட்டத்து ஆளு. பேசாம தூக்கிட்டுப் போறதுக்கு அது என்னா அனாதையா?"

"சட்டம்ண்ணே. நான் என்னா செய்ய?"

அரசாங்க அதிகாரி சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார்? மேளத்தைச் சாக்கில் சுற்றினார். விஜயகலாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். புஷ்பத்தைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

அன்று மாலை கோகிலாவின் போன் வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு இழுத்தது.

"அம்மா எப்பிடிக்கா?"

"தூங்குறாங்கடி."

சொன்ன பொய் விஜயகலாவையே உறுத்தியது. ஆனால் அந்தப் பக்கம் கோகிலா "சரிக்கா" என்று நிம்மதியாகச் சொன்னது அவளைச் சமாதானப்படுத்திவிட்டது.

அதோடு நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். கோகிலா தேறினாள். ஒட்சிசனைக் கழற்றிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் தெளிவான குரலில் பேசினாள்.

"என்னைய வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்கக்கா. ஆனா இங்க நர்ஸ் மிஸ்ஸிமாருக்கு நம்ம சனம் பேசுற தமிழு வெளங்கல. ஒரு வயசான ஆயா வயிறு எரியுதுன்னு அழுவுது, இவங்க காய்ச்சல் மாத்திரைய குடுக்கிறாங்க. நான் கொஞ்ச நாளு நின்னு ஒத்தாச பண்ணிட்டு வரட்டா? அம்மாவுக்கு ஒன்னும் இல்லதானே?"

இப்போது மூச்சு நன்றாக இருந்தது. மறைப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. விஜயகலா வாயைத் திறந்தாள். இத்தனை நாள் சொன்னதையெல்லாம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நினைத்ததும் வேறு வார்த்தைதான் வந்தது.

"நில்லு. இங்க நாங்க இருக்கோம்" என்றாள்.

முதல் பொய்யைக் கோகிலாவுக்காகச் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளலாம். இது தனக்காகச் சொன்னது. அது அவளுக்கும் தெரியும். கோகிலா அங்கே நின்று வேலை செய்வதைப் பாராட்டி அலுவலக வட்ஸப் குழுவில் பூப்பூவாய்ப் போட்டார்கள். சாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்த விஜயகலாவும் ஒரு கும்பிடு போட்டாள். அந்த நாட்களுக்குள்ளேதான் புஷ்பத்தின் கருமாதியும் முடிந்தது. மகனும் இல்லை, மகளும் இல்லை. யாரோ ஒரு சித்தப்பா மகன் தலையை மழித்துக்கொண்டான்.

கோகிலாவைக் கூட்டிவர விஜயகலாவே அலுவலக வண்டியில் போனாள். வழியெல்லாம் கோகிலா பேசிக்கொண்டே வந்தாள். அந்த ஆயா சுகமாகி நடந்து போனதைச் சொல்லிச் சிரித்தாள். தோட்டத்து ரோட்டில் வண்டி நின்றதும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு லயத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். அப்போதுதான் விஜயகலா அவள் கையைப் பிடித்தாள். பக்குவமாகச் சொல்லச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அம்மா இல்லடி. நீ ஒட்சிசன்ல இருக்கப்பவே..."

கோகிலா அவளை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இல்லக்கா. மேளம் கேக்கலியே."

விஜயகலா பிடித்த கையை விடவில்லை.

"மூச்சு விட முடியாம கெடந்தப்பகூட நான் காத இந்தப் பக்கம்தான் வச்சிருந்தேன். மேளம் கேக்காத வரைக்கும் அம்மா இருக்குன்னு நெனச்சேன். அத நம்பித்தான்க்கா அங்கயே நின்னேன். நம்ம ஊருல மேளம் அடிக்காம எப்பிடிக்கா..."

"நான்தான் அடிக்க வேணாம்னு சொன்னேன். நீ தாங்க மாட்டன்னு..."

கோகிலா கத்துவாள், அடிப்பாள் என்று விஜயகலா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலாம். கோகிலா பையைக் கீழே வைத்தாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "எங்க பொதைச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டாள். காட்ட வந்த விஜயகலாவை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, ராமச்சந்திரனைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

மாதம் திரும்பியதும் கோகிலா வேலைக்கு வந்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. தேத்தண்ணி ஊற்றினால் விஜயகலாவுக்கும் ஒரு கோப்பை வைத்தாள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆகிவிடும் என்று விஜயகலா நம்பினாள், தனக்குத்தானே சீனி தடவிக்கொள்ளவும் அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் மேல் டிவிசனில், பிள்ளை பெற்று வீட்டில் தனியாகக் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு விஜயகலா திரும்பி வந்தாள். உண்மையிலேயே தாயும் பிள்ளையும் சுகமாக இருந்தார்கள்.

"ஒன்னும் பிரச்சினை இல்ல கோகிலா. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

"சரிக்கா" என்றாள் கோகிலா. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து குடையை எடுத்தாள். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"எங்கடி போற?"

"மேல் டிவிசனுக்கு."

"நான்தான் இப்ப பாத்துட்டு வந்து சொல்றேனே."

கோகிலா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"நீங்க எப்பவும் நல்லதுக்குத்தான்க்கா சொல்வீங்க. அதனாலதான் போய்ப் பாத்துட்டு வாறேன்."

குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.