ஏழாவது பிளேட்

கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அவன் போட்டிருக்கிற கோட்டை. அடுத்துப் பார்ப்பது அவன் போர்டை. நானும் அப்படித்தான் பார்த்தேன். சாந்தோமில் பதினான்கு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த மர்சலின் டீச்சருக்கு அவ்வளவு புத்திதான் இருந்தது.

என் தங்கை ஐவிக்கு 1934 மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வால்டர், ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. நடையைப் பார்த்தால் கம்பெனியே அவன் பாட்டன் சொத்து என்று தோன்றும். கல்யாணமான ஐந்தாம் நாள் இருவரும் கப்பலேற வேண்டும். எங்கள் அப்பா ராஜநாயகம் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இழுப்பு நோயால் இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தார். கோயிலுக்கு அவரால் வர முடியாது. ஐவி அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவர் இருக்கமாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆயுளில் அவர் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை.

"எனக்கு வேற எதுவும் வேணாம்க்கா. அப்பாவும் நானும் ஒண்ணா இருக்கிற படம் ஒண்ணு வேணும்" என்றாள் ஐவி. அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

முதலில் வந்தவர் திருவல்லிக்கேணி அன்வர் பாஷா. கட்டம் போட்ட லுங்கி, மருந்துக் கறை படிந்த விரல்கள். மாப்பிள்ளை யார், என்ன உத்தியோகம் என்று மரியாதைக்குக்கூட விசாரிக்கவில்லை. நேரே அப்பாவின் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"ஐயா இருமாம எவ்ளோ நேரம் இருப்பாரு?" என்று அப்பாவின் காதுபடவே கேட்டார். பிறகு என்னிடம், "ஒரு கண்ணாடி பிளேட்டுல ஒரு படம்தாம்மா வுழும். பன்னெண்டு எடுத்தாருவேன். ரெண்டு இந்த ரூமுக்குன்னு தனியா வெச்சிடுவேன். மாப்பிள்ளையே கேட்டாலும் குடுக்கமாட்டேன்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நோயாளியின் இருமலை அளந்து பார்க்கிறான், லுங்கியோடு கோயில் வாசலில் வந்து நிற்பான், வால்டர் வீட்டார் நம்மை என்ன நினைப்பார்கள்? சொல்லியனுப்புகிறேன் என்று அனுப்பிவைத்தேன். சொல்லியனுப்பவே இல்லை.

லஸ் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த சுப்பராயன் வேறு ரகம். போர்டில் 'எஸ். ராயன், ஆர்ட்டிஸ்ட்' என்று போட்டிருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயரில் பாதியைக் கழித்துவிட்டால் துரையாகிவிடலாம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கோட்டு, டை, முறுக்கின மீசை. கவர்னர் விருந்தில் படம் எடுத்ததாகச் சொன்னான். கவர்னரிடம் போய்க் கேட்கவா முடியும்? எத்தனை பிளேட் கொண்டுவருவாய் என்று நான் கேட்கவில்லை. அப்பாவின் அறையை அவன் எட்டியும் பார்க்கவில்லை.

"அதெல்லாம் நம்ம கையில வுட்டுடுங்கோ டீச்சரம்மா" என்றான். விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூத்து ஆரம்பித்தது. இரவல் காரில் சாய்ந்துகொண்டு வால்டர் ஒரு படம். தொப்பியோடு ஒன்று. சிநேகிதர்களோடு ஒன்று. பக்கவாட்டில் ஒன்று, ஏனென்றால் அந்தப் பக்கம் அவன் மூக்கு எடுப்பாக இருக்கிறதாம். மணப்பெண் இருந்தது இரண்டே படத்தில். சுப்பராயன் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து நுழைத்து எடுத்து, ஒவ்வொரு தடவையும் "எக்ஸலண்ட் சார்" என்று குழைந்தான். பிள்ளைகளின் தலையை எண்ணாமல் ஒரு நாளும் வகுப்பைத் தொடங்காத நான் அன்று எதையும் எண்ணவில்லை.

வீட்டில் அப்பா விடியற்காலையிலிருந்தே தயாராக இருந்தார். உத்தியோகக் காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முதுகுக்கு நான்கு தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஐவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரூமு இருட்டா கீது. எட்டு எண்ற வரிக்கும் ஆடக்கூடாது பெரியவரே" என்றான் சுப்பராயன்.

அப்பா மூச்சைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் ஆடவில்லை. எட்டு எண்ணி முடித்த பிறகு கால் மணி நேரம் விடாமல் இருமினார். ஐவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள், சிரிக்கவும் செய்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தருகிறேன் என்றவன் இன்று நாளை என்று இழுத்தடித்தான். கப்பல் போய் ஒன்பதாம் நாள் நானே ஸ்டூடியோவுக்குப் போனேன். உறையில் ஆறு படங்கள் இருந்தன. ஆறிலும் வால்டர்.

"வீட்டில எடுத்தது எங்கே?"

"அத்த ஏன் கேக்கறீங்கோ, அந்த பிளேட்டு ஒடஞ்சிபூட்ச்சி."

"உடைஞ்ச துண்டைக் காட்டுங்க."

பொய் சொல்கிற பையன்கள் விழிப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். அவன் அதே மாதிரி விழித்தான். பிறகு வெட்கமே இல்லாமல் சிரித்தான்.

"ஆறு பிளேட்டுதாம்மா எடுத்தாந்தேன். அல்லாம் கோயில்லியே தீந்துபோச்சி. வூட்டாண்ட வந்தா பெரியவரு கோட்டெல்லாம் மாட்டிக்கினு குந்திக்கினுகீறாரு. இல்லேன்னு எப்பிடி சொல்றது? காலிப் பொட்டிய வெச்சி எண்ணினேன். அவரு மனசு கோணக்கூடாதுன்னுதான். இப்ப வோணா சொல்லுங்கோ, வந்து எடுத்துத் தரேன்."

"ஐவி ரங்கூன்ல இருக்கா" என்றேன்.

அவனை என்ன திட்டினேன் என்பது நினைவில்லை. ஸ்டூடியோ வாசலில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவனைவிட என்மேல்தான் எனக்கு அதிக வெறுப்பாக இருந்தது. கோட்டுக்கு மயங்கினவள் நான். அப்பாவை மட்டுமாவது எடுத்துவைக்க அன்வர் பாஷாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் எதற்கு என்று அப்பா கேட்பார், நடந்ததைச் சொல்லவேண்டி வரும். அந்தத் தைரியமும் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா படுத்தபடியே கையை நீட்டினார். ஆறு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"நம்மது எங்கே மர்சி?"

"அது ஒரே ஒரு காப்பிதான் போட்டாங்கப்பா. நேரா ரங்கூனுக்கு அனுப்பச் சொல்லிட்டேன்."

"அதுவும் சரிதான். அவகிட்ட இருந்தாப் போதும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ பார்த்தியா? இருமலை அடக்கினதுல மூஞ்சி கோணலா விழுந்திருக்குமோன்னு எனக்கு ஒரே பயம்" என்றார்.

"பார்த்தேம்ப்பா. ரொம்ப நல்லா வந்திருக்கு. லேசாச் சிரிச்சாப்பல இருக்கீங்க."

"சிரிச்சேனா?" என்றார் அப்பா.